வெள்ளைக் கை

என் மாமா வித்தை காட்டுவார். சீட்டுக்கட்டு, முட்டை, புறா எதுவும் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு டின் பூச்சிமருந்து, அவருடைய வலது கை. அந்தமானில் மாயாபந்தரைச் சுற்றியிருந்த குடியேற்ற ஊர்களில் அந்த வித்தையைப் பார்க்காத ஆள் இல்லை. எத்தனையோ தடவை பார்த்தவள்தான் நான். ஆனாலும் மறுபடி காட்டப்போகிறார் என்றால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன்.

மாமா அம்மாவின் தம்பி. அப்பாவுக்கு மாயாபந்தரில் சர்க்கார் ஆபீஸ் வேலை கிடைத்து நாங்கள் ராமநாதபுரத்திலிருந்து வந்த பிறகு, அக்காவை நம்பி அவரும் கப்பலேறி வந்தார். விவசாய இலாகாவில் டெய்லி ரேட் மஜ்தூர். வேலை இருக்கிற நாளுக்குக் கூலி, மழை பெய்தால் அதுவும் இல்லை. ஊரில் அவருக்கென்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் நாள் பார்க்கலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் சாமி கும்பிடும்போதுகூட அந்த ஆங்கில வார்த்தை அடிபடும். பர்மனென்ட் என்பது ஏதோ ஒரு பட்டணம், மாமா ஒருநாள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

வித்தை எப்படிப் பிறந்தது என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. காட்டைத் திருத்தி நெல் போட்டவர்கள் பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள். வயல் அவர்களுக்கு நெல்லும் கொடுக்கும், மீனும் கொடுக்கும். வாய்க்கால் மடையில் மூங்கில் பொறி வைத்தால் மறுநாள் குழம்புக்கு ஆயிற்று. முதல் வருஷம் மருந்து அடித்தபோது அந்த மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்குப் பிறகு பம்பைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் வரப்பிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நாவாய்ப்பூச்சியோ பால் பிடித்த கதிரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இலாகாவுக்கு நெல்லைக் காட்டியாக வேண்டும். மாமாவுக்கு பர்மனென்ட் ஆகியாக வேண்டும்.

சட்டையைக் கழற்றி வரப்பில் போடுவார். வெள்ளைப் பொடியை வாளியில் கொட்டுவார். குச்சியை விட்டுத்தான் கலக்க வேண்டும். மாமா முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்குவார். தண்ணீர் பாலாக மாறும். கையை உயரத் தூக்கி நாலு பக்கமும் காட்டுவார். வெள்ளை வெளேர் என்று சொட்டச் சொட்ட, வேறு யாருடைய கையையோ வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். “தேக்கோ! குச் நஹீ ஹுவா!” என்பார். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை! அந்தக் கையாலேயே மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து நாக்கை நீட்டுவார். கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் பாதி இணங்கினவர்கள் என்பது மாமாவின் கணக்கு.

வீட்டில் மட்டும் அவர் வேறு ஆள். வேலை முடிந்து வந்தால் நேராகப் பின்பக்கம் போய்விடுவார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே வருவார். அதற்கு முன்னால் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால், “கிட்ட வராத கழுத, நாத்தம்” என்று விரட்டுவார். அவருடைய துணியை அம்மா துவைக்கக்கூடாது, அவரே துவைத்துக்கொள்வார். எங்களுக்கு எல்லாச் சாமானும் கப்பலில்தான் வரவேண்டும் என்பதால் ஒரு காலி டின்னுக்குக்கூட மவுசு அதிகம். மருந்து தீர்ந்த டின்களை ஸ்டோர் பாபு ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பார். கூரைத் தகரத்திலிருந்து விழும் மழைத் தண்ணீரை அதில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வந்ததில்லை.

“ஊருக்கெல்லாம் டின்னு போவுது. கூடப் பிறந்தவளுக்கு ஒண்ணு கொண்டாரத் துப்பில்ல ஒனக்கு” என்று அம்மா இடிப்பாள்.

“மறந்துட்டேங்க்கா” என்பார். ஒவ்வொரு தடவையும் மறந்தார்.

நான் சொல்ல வந்த நாள் பள்ளிக்கூட விடுமுறை. போர்ட் பிளேரிலிருந்து இலாகாவின் பெரிய அதிகாரி, பெரிய சாப், வருகிறார், அவர் கண்ணெதிரே ஓர் ஊர் முழுவதையும் சம்மதிக்க வைத்தால் மாமாவின் பெயரை எழுதிக்கொண்டு போவார் என்று பேச்சு. நான் அழுது புரண்டு, டோங்கி என்று நாங்கள் சொல்லும் சின்னப் படகில் மாமாவோடு ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

வரப்பு நெடுகக் கூட்டம். சாப் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா வித்தையை ஆரம்பித்தார். பொடி, பால், வெள்ளைக் கை, நாக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு வங்காளிப் பெண் முன்னால் வந்தாள். கையில் சங்கு வளையல், இடுப்பில் குழந்தை. மாமாவைச் சிரிக்காமல் பார்த்தாள்.

“தும்ஹாரா ஹாத் கோ ஆதத் ஹோ கயா” என்றாள். உன் கைக்குப் பழகிப்போயிற்று என்று அர்த்தம். பிறகு என்னைச் சுட்டிக்காட்டினாள். “யே லட்கீ தும்ஹாரா ஹை நா? இஸ்கா ஹாத் டாலோ. தப் ஹம் மானேகா.” இந்தப் பெண் உன் வீட்டுப் பிள்ளைதானே, இவள் கையை உள்ளே விடு, அப்போது நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவளை வித்தைக்கே கூப்பிடுகிறார்கள்! யாரும் சொல்வதற்கு முன்னால் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வாளியருகே போய்விட்டேன். என் விரல் தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது மாமா அடித்தார். இடது கையால், காய்ந்திருந்த கையால், என் மணிக்கட்டில் சுள்ளென்று ஓர் அடி. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னை அடித்ததில்லை.

“தேக்கா?” என்றாள் அந்தப் பெண், எல்லோரையும் திரும்பிப் பார்த்து. பார்த்தீர்களா?

சாப் குடைக்காரனிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனார். மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். “பச்சீ டர்போக் ஹை, சாப்! பஹுத் டர்போக்!” குழந்தை பயந்தாங்கொள்ளி, அதனால்தான் என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து, வாளியிலிருந்து ஒரு கை அள்ளி, வாயில் ஊற்றிக்கொண்டார். பல் விளக்கிக் கொப்பளிக்கிறவர் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக் களகளவென்று சத்தம் எழுப்பினார். வரப்பில் துப்பினார். உதடெல்லாம் வெள்ளையாக ஈயென்று இளித்தார்.

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. சாப்பும் தட்டினார். அந்தப் பெண் மட்டும் குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் ஏற்கெனவே பம்பு பிடிக்கப் போய்விட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஊர் வயல் பூராவும் மருந்து அடித்தாயிற்று. காலி டின்னுக்கு ஸ்டோர் பாபுவைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு.

திரும்பி வரும்போது மாமா படகு விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார். “கடல் ஒத்துக்கல பாப்பா” என்றார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனுஷர்! நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் என்னை பயந்தாங்கொள்ளி என்று சொன்னவருக்கு அது போதாது என்றும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மணிக்கட்டைக் காட்டி அழுதேன். “பச்சப்புள்ளய இப்படியா அடிப்ப?” என்று அம்மா கத்தினாள். மாமா பின்பக்கம் குளித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

அவர் பர்மனென்ட் ஆனார். அத்தை கப்பலேறி வந்தாள். பர்மனென்ட் ஆனவருக்குக் கிடைத்தது என்னவென்றால், அதுவரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டிய வித்தையை இனி எல்லா ஊரிலும் காட்டலாம் என்பதுதான். காட்டினார். சில வருஷம் கழித்துக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பிறகு அக்குளில். மாயாபந்தர் டாக்டர் போர்ட் பிளேருக்கு அனுப்பினார். போர்ட் பிளேர் டாக்டர், மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள், புற்றுநோய் மாதிரித் தெரிகிறது என்றார். மெட்ராஸிலிருந்து அவர் திரும்பி வரவில்லை.

இப்போது நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன். ஒருநாள் அந்தப் பொடியின் படத்தைக் கரும்பலகையில் போட்டார்கள். ஆறு கார்பன் வளையமாகக் கைகோத்து நிற்க, சுற்றிலும் குளோரின். கோலம் மாதிரி அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய், இதனால் புற்றுநோய் வருமா என்று வாத்தியாரைக் கேட்டேன். எலிகளுக்கு வருகிறது என்கிறார்கள், மனுஷர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சரி. நானும் உறுதியாகச் சொல்லவில்லை. மாமாவின் கட்டிக்கு அந்தப் பொடிதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இனிச் சொல்லப்போவதும் இல்லை. சங்கு வளையல் போட்ட அந்தப் பெண், அவள் இடுப்பில் இருந்த குழந்தை, கூரைத் தண்ணீரை அந்த டின்களில் பிடித்துக் குடித்தவர்கள், அவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று போய்க் கேட்டவர்களும் இல்லை. அந்த ஊர்களில் இன்னமும் அடிக்கிறார்கள். வித்தை காட்ட வேண்டிய அவசியம்கூட இப்போது இல்லை.

மாமாவைக் கடைசியாகப் பார்த்தது போர்ட் பிளேரில், சாத்தம் ஜெட்டி என்ற கப்பல்துறையில். மரைன் ஹில்லில் உறவுக்காரர் வீட்டில் தங்கி நான் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய கோபம் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, வளர்ந்த பெண்ணாக அதை மறைத்துக்கொண்டு போயிருந்தேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாமா அத்தையோடு நின்றார். பல மாதங்களாக அவர் வேலைக்கே போகவில்லை, பொடியைத் தொடவும் இல்லை. மெட்ராஸ் கப்பலின் ஊதல் கேட்டதும் நான் கையை நீட்டினேன். அவர் உடனே பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் அழுத்தி, முன்னும் பின்னுமாக, நகக்கண் வரைக்கும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் என் கையைத் தொட்டார்.

வெயில், வியர்த்திருக்கும் என்று நினைத்தேன்.