சந்தனம் பூசிய ரேடியோ

என் தம்பி தியாகலிங்கத்துக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. ஆளில் ஒரு குறையும் இல்லை. அளவெட்டியில் வெங்காயத் தோட்டம், கல்வீடு, கிணறு எல்லாம் இருந்தன. கூடவே ஒரு பழைய மொரிஸ் மைனர் காரும் இருந்தது. அதுதான் வினை. பெண்டாட்டிக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் அந்தக் காருக்குச் செய்துகொண்டிருந்தான். காலையில் தன் முகத்தைக் கழுவ முதல் காரின் முகத்தைக் கழுவுவான். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு காரின் கண்ணாடிக்குக் குடை பிடிப்பான். நான் கூட்டிச் சொல்லவில்லை, பக்கத்து வளவில் குடியிருக்கிற நான் கண்ணால் கண்ட சங்கதி இது.

அம்மா போனபிறகு அவனைக் கரைசேர்க்கிற பாரம் அக்கா என்ற முறையில் என் தலையில் விழுந்தது. எத்தனையோ சம்பந்தம் பார்த்தேன். போகிற இடமெல்லாம் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் காரைப் பற்றியே கதைத்துவிட்டு வருவான். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அவனைக் காரோடு சேர்த்துக் கிணற்றில் தள்ளலாம் போலிருக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம், கலியாணத் தரகர் ஏரம்பு அரியாலையில் இருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் குணலட்சுமி. முப்பத்துமூன்று வயது, தையல் ரீச்சர். சாதகம் பொருந்தியது. படத்தை வாங்கிப் பார்த்த தம்பி, அடுத்த நாள் காரைக் கழுவ மறந்துபோனான். எனக்கு நெஞ்சுக்குள் பால் வார்த்தமாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஆனால் பெண்ணின் தகப்பன் சீவரத்தினத்தார் லேசுப்பட்ட ஆள் இல்லை. வருகிற மாப்பிள்ளை எவனிலும் ஒரு நொட்டை பிடித்துக் கலைத்துவிடுகிறவர். ஒருவனுடைய சைக்கிள் மணி அடிக்கவில்லையாம், கலைத்துவிட்டார். இன்னொருவனின் குடைக்கம்பி வளைந்திருந்ததாம், அவனும் போய்விட்டான். அப்படிப்பட்ட மனுசனிடம் இந்த ஏரம்பு வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மாப்பிளையின்ரை காரிலை ரேடியோவும் இருக்குதுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

"அப்பிடியோ? அப்ப ஞாயிற்றுக்கிழமை கோயிலடியிலை பொம்பிளை பாத்து முடிய, நான் அந்தக் காரிலை ஏறியிருந்து ரேடியோவைக் கேக்கிறன். தன்ரை சாமானைத் திருத்தி வைச்சிருக்கத் தெரியாதவன் என்ரை பிள்ளையை என்னெண்டு வைச்சிருப்பான்?" என்று சீவரத்தினத்தார் சொன்னாராம்.

ஏரம்பு இதைச் சொன்னதும் தம்பியின் முகம் செத்துப்போனது. ஏனென்றால் அந்த ரேடியோ பாடுவது ரேடியோவுக்கு மட்டும்தான் கேட்கும். காதைக் கொண்டுபோய் ஒட்டவைத்தால் யாரோ கிணற்றுக்குள் இருந்து இரகசியம் சொல்கிறமாதிரி ஏதோ கேட்கும், அவ்வளவுதான்.

"அக்கா, நான் இதைத் திருத்திக் காட்டுறன். எனக்கு உந்தப் பிள்ளைதான் வேணும்" என்றான். அவன் வாயில் இருந்து கார் தவிர வேறொன்றை "வேணும்" என்று கேட்டது அதுதான் முதல்தரம்.

முதலில் பற்றரிக்குத் தண்ணீர் விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏரியல் போதாது என்று நினைத்து, செப்புக் கம்பியின் ஒரு நுனியைக் காரின் ஏரியலிலும் மறு நுனியைக் கிணற்றடி முருங்கையிலும் கட்டினான். சத்தம் அப்படியேதான் இருந்தது. அந்த விசர்க் கோபத்தில் கம்பியை அவிழ்க்க மறந்து காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மல்லாகம் சந்தியில் சனம் கூடிச் சிரித்தபோதுதான் பின்னால் முருங்கைக் கொப்பு இழுபட்டு வருவது தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் முருங்கையிலை வறைதான். பட்டணத்தில் ஒரு கடைக்காரன் ரேடியோவுக்குள் இருந்த வால்வைக் கழற்றிப் புது வால்வு போட்டான். அதற்கும் அது மசியவில்லை.

வெள்ளிக்கிழமை, கடைசி நம்பிக்கையாய்க் கொழும்புத்துறையில் ரேடியோ திருத்துகிற மரியரட்ணத்தாரிடம் போனோம். தனியே விட்டால் இவன் வேறு எதையாவது கட்டி இழுத்துக்கொண்டு வருவான் என்று நானும் கூடப் போனேன். கொழும்புத்துறைக்குப் பக்கத்தில்தானே அரியாலை, பெண் வீட்டார் கண்டுவிடுவார்கள் என்று சொல்லி என்னைப் பின் சீற்றில் குனிந்திருக்க வைத்தான். அந்தக் காரை ஊரெல்லாம் தெரியும், என்னை ஒளித்து என்ன பயன்? குனிந்து குனிந்து இடுப்பு நாரி பிடித்ததுதான் மிச்சம்.

மரியரட்ணத்தார் தன்னுடைய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் ரேடியோவில் பூட்டினார். ஐயோ, அது போட்ட சத்தத்தில் அவருடைய கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.

"ரேடியோவிலை ஒரு பிழையும் இல்லை. உங்கடை ஸ்பீக்கரிலைதான் பிழை" என்றார். பிறகு காரின் முன்தட்டில் மேலே பார்த்தபடி மல்லாந்து கிடந்த பழைய ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார். "தம்பி, இதென்ன, உள்ளுக்கை களி கிண்டி ஊத்தி வைச்சிருக்கிறியள்? நல்ல வாசமாயும் கிடக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. ஆயுத பூசையில் வாகனத்துக்குச் சந்தனம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வருசத்துக்கு ஒருநாள் வைத்தால் மற்றவர்களுக்குப் போதும். என் தம்பிக்குப் போதாது, அவன் வெள்ளிக்கு வெள்ளி வைப்பான். காரின் வாய் இதுதான் என்று சொல்லி ஸ்பீக்கரின் வலை நடுவில் பெரிய பொட்டாய் அப்புவான். அது வலைக் கண்ணால் ஒழுகி உள்ளே அதிர்ந்து சத்தம் போடுகிற கடதாசியில் விழுந்து காயும். சத்தம் குறையத் தொடங்கியதும், தெய்வத்துக்கு ஏதோ மனக்குறை என்று நினைத்துச் சந்தனத்தைக் கூட்டினான். சந்தனம் கூடக் கூடச் சத்தம் இன்னும் குறைந்தது. பிறகு திருநீறும் போட்டான். போதாக்குறைக்குப் பன்னீரும் தெளித்தான்.

"வாய்க்குள்ளை சந்தனத்தை அடைஞ்சால் மனிசனே கதைக்கமாட்டான், ரேடியோ என்னெண்டு கதைக்கும்?" என்றார் மரியரட்ணத்தார்.

"எல்லாரும்தானே அண்ணை வாகனத்துக்குப் பூசுகினம்?" என்றான் தம்பி பாவமாக.

"அவை ஸ்ரேறிங்கிலை பூசுவினம். ஸ்ரேறிங் பாட்டுப் படிக்கத் தேவையில்லை."

நான் சிரித்தேன். அடக்க ஏலாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். தம்பி என்னை முறைத்துவிட்டு, உதிர்ந்து விழுந்த சந்தனக் கட்டியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

சுரண்டினால் கடதாசி கிழிந்துவிடும் என்று சொல்லி, மரியரட்ணத்தார் பழுதாய்க் கிடந்த ஒரு பெரிய பெட்டி ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றிக் காரில் பூட்டினார். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. சத்தம் காணாது என்று தம்பி வருசக்கணக்காகக் குமிழை முழுசாய்த் திருகி வைத்திருந்ததால், அது அந்த இடத்திலேயே இறுகிப்போயிருந்தது. இனிச் சத்தத்தைக் குறைக்க முடியாது. கார்ச் சாவியைத் திருப்பினால் கத்தும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும்.

"வாற கிழமை கொண்டு வாங்கோ, குமிழை மாத்தித் தாறன்" என்றார்.

"பரவாயில்லை அண்ணை, சத்தம் கூடினால் மாமாவுக்கு நல்லாய்க் கேக்கும்" என்றான் தம்பி. சீவரத்தினத்தாரை அதற்குள் மாமாவாக்கிவிட்டான். வரும் வழியெல்லாம் ரேடியோ போட்ட கூச்சலில் சைக்கிள்காரர் வேலியோடு ஒதுங்கினார்கள். இவன் கண் கலங்கச் சிரித்துக்கொண்டு கார் ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை அரியாலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். மத்தியானப் பூசை முடிந்ததும் சீவரத்தினத்தாரைக் காரில் ஏற்றினால் ரேடியோவில் சினிமாப் பாட்டுப் போகும் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தான். ஐயர் அன்றைக்குப் பார்த்துப் பூசையை இழுத்தார். குணலட்சுமி மாம்பழ நிறச் சேலையில் தூணோரமாய் நின்று தம்பியைக் கடைக்கண்ணால் பார்த்தாள். இந்த மடையன் வெளியே காரில் யாரும் சாய்ந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையில் நுள்ளிய பிறகுதான் திரும்பினான். திரும்பியவன் பிறகு வாசலைப் பார்க்கவேயில்லை. அப்பாடா என்றிருந்தது.

எல்லோரும் காரடிக்கு வந்தோம். சீவரத்தினத்தார் முன் சீற்றில் ஏறியிருந்து சால்வையைச் சரிசெய்தார். பெண்ணும் தாயும் நானும் ஏரம்புவும் சுற்றிவர நின்றோம்.

"எங்கை தம்பி, போடும் பாப்பம்."

தம்பி பிள்ளையாரை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

"மரண அறிவித்தல்!" என்று கார் அலறியது. கோயில் மணிக்கோபுரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. "சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், கரவெட்டியை வதிவிடமாகவும் கொண்ட..."

ஐயர் பூசையை இழுத்ததில் பாட்டு முடிந்து, ரேடியோ நாள்தோறும் செத்தவர்களின் பெயர் வாசிக்கிற நேரம் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில், நல்ல நேரத்தில், பிள்ளையார் வாசலில் செத்தவீட்டுச் செய்தி! தம்பி பதறிப்போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தக் கையை நீட்டினான். சீவரத்தினத்தார் அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"பொறும் பொறும், ஆரெண்டு கேப்பம்."

எங்கள் சனத்தின் குணம் அது. மரண அறிவித்தலை இடையில் நிறுத்த எவருக்கும் மனம் வராது. செத்தது தெரிந்த ஆளாய் இருந்தால்? எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நின்று கேட்டோம். ஐயரும் வாசலுக்கு வந்து காதைக் கொடுத்தார். இளைப்பாறிய தபாலதிபர் வேலாயுதர் என்று பெயர் சொல்லி, மனைவி பிள்ளைகள் மருமக்கள் எல்லோரையும் சொல்லி, தகனம் எந்தச் சுடலையில் என்பதுவரை முழுசாய்ச் சொல்லி முடித்தது.

"எங்கடை ஆக்கள் இல்லை" என்றார் சீவரத்தினத்தார் நிம்மதியாக. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சகுனம் ஞாபகம் வந்தது. முகம் கறுத்தது. காரால் இறங்கினார். "சத்தம் நல்ல துப்புரவாய்த்தான் கேக்குது. ஆனால் ஏரம்பு, உது சரிவராது. முதல் சொல்லே மரணம் எண்டு வந்திட்டுது."

தாயும் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "ஓம், சகுனப் பிழை, சகுனப் பிழை" என்றாள். காருக்குக் குடை பிடிக்கிற அந்தப் பெரிய உடம்பு அப்படியே சுருங்கிப்போய் நின்றது. கண்முன்னே இன்னொரு கலியாணம் போகிறதே என்று நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் குணலட்சுமி பேசினாள்.

"ஐயா, நல்ல சகுனம் பாத்து வந்த ஒருத்தரும் எனக்கு மிஞ்சேல்லை. உவர் செத்தவீட்டோடை வந்திருக்கிறார். உவரெண்டாலும் நிக்கட்டும்."

சீவரத்தினத்தார் மகளைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். அவள் தகப்பனைத் தாண்டிப் போய், அவர் விட்ட முன் சீற்றில் ஏறியிருந்தாள். ரேடியோ அடுத்த அறிவித்தலைத் தொடங்கியது.

தம்பி சாவியில் கையை வைத்துக்கொண்டு, பார்க்கப் போன ஒரு பெண்ணிடம் தன் வாழ்நாளின் முதல் கேள்வியைக் கேட்டான்.

"நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம், கிடக்கட்டும்" என்றாள் அவள். "இது ஆரெண்டு கேப்பம்."