பேர் மாற்றக் கேட்ட கடதாசி

என் மோட்டார் சைக்கிளை யாராவது புகழ்ந்தால் எனக்கு முகம் கொடுக்க முடிவதில்லை. சீடி 125, எழுபதுகளில் வந்தது, இரட்டைச் சைலன்சர், சிறீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் நிறுத்தினால் தேநீர்க் கடையிலிருந்து இரண்டு பேராவது எழுந்து வந்து டாங்கியைத் தடவிப் பார்ப்பார்கள். "எங்கை அண்ணை பிடிச்சனீங்கள்?" என்பார்கள். புதுக்குடியிருப்பிலே என்று மட்டும் சொல்வேன். மிச்சத்தை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நான் கந்தோரில் கோப்புகளோடு வேலை செய்கிறவன். கடதாசி விஷயத்தில் பொல்லாத பிடிவாதக்காரன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வாகனங்கள் பெயர் மாற்றாமலே ஓடுகின்றன. விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பொக்கற்றுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓடுவார்கள். ஓப்பின் பேப்பர் என்று அதற்குப் பெயர். அப்படி ஓடுகிறவர்களை நான் நன்றாக நக்கலடித்திருக்கிறேன். பேப்பர் பிழையென்றால் எனக்கு நித்திரை வராது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

மோட்டார் சைக்கிளை விற்றவர் ஒரு அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும், முன்பள்ளியில் படிப்பித்து ஓய்ந்தவர். விறாந்தையில் ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார். விரிப்பை இழுத்ததும் நான் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். துரு இல்லை. சீற்றில் ஒரு கிழிசல் மட்டும், அதையும் கறுப்பு நூலால் தைத்திருந்தார். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது கைவிட்ட வாகனங்களின் குவியலுக்குள் தேடி, இலக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, வாகனப் பதிவுப் புத்தகத்தைக் காட்டி மீட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே கிக்கரை மிதித்து ஸ்ராட் செய்து, கொஞ்ச நேரம் நிற்கவிட்டு நிறுத்துவாராம்.

"இப்ப முழங்கால் விடுகுதில்லை தம்பி. நிண்டே பழுதாகப் போகுது. ஓடத் தெரிஞ்ச ஆளிட்டைப் போகட்டும்," என்றார்.

பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்தார். பொலித்தீன் பையில் சுற்றியிருந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதையும் கொண்டு திரிந்திருக்கிறார். புத்தகம் கணவரின் பெயரில் இருந்தது.

எங்கள் ஊர்களில் ஒரு பெண்ணிடம் கணவரைப் பற்றிக் கேட்க ஒரு முறை இருக்கிறது. "அவர்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். சொல்ல விருப்பமென்றால் சொல்வார், இல்லாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வரவேண்டியதுதான். கடைசி இடப்பெயர்வில் அதே பாதையால் நடந்து வந்தவன் நான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் புத்தகத்தைப் புரட்டியபடி, தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்டேன்.

"அப்ப மரண அத்தாட்சிப் பத்திரம் வேணும் அக்கா. இருக்குதோ?"

"அவரைக் காணேல்லை எண்டுதான் பதிஞ்சு வைச்சிருக்கிறன். அந்தத் துண்டு இருக்கு. செத்ததெண்டு நான் எங்கையும் எழுதிக் குடுக்கேல்லை."

"அந்தத் துண்டை வைச்சுப் பேர் மாத்தேலாது."

அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. கந்தோர்க்காரன் என்ற மிதப்பில் சொன்னேன்.

"நான் கையெழுத்து வைச்சுத் தாறன் தம்பி. மற்றாக்கள் ஓடுற மாதிரி ஓடலாம்தானே?"

"எனக்கு அது சரிவராது. இது பேருக்குத்தானே அக்கா, வெறும் கடதாசி."

கடதாசிக்காக நித்திரை கொள்ளாதவன் அவரிடம் போய் வெறும் கடதாசி என்றேன். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு விரிப்பை எடுத்துச் சைக்கிளை மூடினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு இருந்த கவலை, வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்பது மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்து அழைப்பு வந்தது. "கடதாசி வந்திட்டுது. வாங்கோ தம்பி."

நீளமான கபில நிறக் கடித உறை. கையில் தந்தபடி சொன்னார்: "நான் வாசிக்கேல்லை. பிழை இருந்தாச் சொல்லுங்கோ, திருத்துவிக்கலாம்."

நான் வாசித்தேன். அவருக்கு முன்னாலேயே நின்று, விரலை ஒவ்வொரு வரியிலும் ஓட்டி வாசித்தேன். பெயர், முதலெழுத்து, இறந்த இடம், இறந்த திகதி. புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பிறகு சொன்னேன்: "எல்லாம் சரியாய் இருக்கு அக்கா."

தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குள் போனார். வர நெடுநேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் நான் ரயரில் காற்றுக் காணுமா என்று பெருவிரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் இறக்கி மிதித்தபோது ஸ்ராட் வரவில்லை. பத்துத் தரம் மிதித்து எனக்கு வேர்த்தது. அக்கா படியில் நின்றபடி, "அவர் சாவி போடாமல் ரெண்டு தரம் சும்மா மிதிப்பார். பிறகுதான் போடுவார்," என்றார். அப்படியே செய்தேன். ஒரே மிதியில் வந்தது.

பரந்தன் வீதியில் ஏறியதும் எனக்குச் சந்தோசம் வந்தது. இதை மறைக்கப் போவதில்லை. இரண்டு சிலிண்டரும் ஒன்றாக இரைய, விசுவமடுவரை வயல்காற்று நெஞ்சில் அடிக்க, வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனேன். சேட்டுக்குள் அந்த உறை காற்றுக்குப் படபடத்தது. பறந்துவிடும் என்று ஒரு கையால் அமத்திப் பிடித்தேன். அப்போதுதான் கொஞ்ச நேரத்துக்கு முன் நான் என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்தது. எல்லாம் சரியாய் இருக்கு அக்கா. தருமபுரத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று அவருடைய மனைவி இத்தனை வருடம் எழுதிக்கொடுக்காததை நான் ஒரு சைக்கிளுக்காக எழுதுவித்திருக்கிறேன். வெட்கத்தில் ஹெல்மெற்றைக் கழற்றாமலே வீதியோரம் நின்றேன்.

பெயர் மாற்ற இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் வரிசையில் என் முறை வரும்போது உறையைத் திறக்க மனம் வரவில்லை, திரும்பி வந்துவிட்டேன். நான் நக்கலடித்தவர்களைப் போலவே இப்போது அடுத்தவர் பெயரில் ஓடுகிறேன்.

போன மாதம் அக்கா தொலைபேசி எடுத்தார். சுகம் கேட்டார். சைக்கிள் எப்படி ஓடுது என்று கேட்டார். கடைசியாக, "பேர் மாத்தியாச்சோ தம்பி?" என்றார்.

இல்லை என்று சொன்னால், அந்த மரணக் கடதாசியை அவர் எதற்காக எடுத்தார் என்றாகிவிடும்.

"ஓம் அக்கா. மாத்தியாச்சு."

"அப்ப அவரின்ரை பேர் இனி அதிலை இல்லை."

"இல்லை அக்கா."

"சரி தம்பி," என்றார். "மெதுவா ஓடுங்கோ."