தொப்புள் ஆறாத சுறா

மரியநாதன் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையின் வாசல் காவலர். இருபது வருடமாக லாரிக்காரர்களை அதட்டுகிற மனிதர், வீட்டில் மனைவி வினிஃப்ரெட் அதட்டினால் கப்சிப்.

மகள் ஷர்மைன் பிள்ளை பெற்று ஒன்பது நாளாகியும் பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும். ஷர்மைன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவாள். பெற்ற மனம் என்ன பாடுபடும்!

"சுறாப்புட்டு குடுத்தா பால் ஊறிடும்" என்று வினிஃப்ரெட் ஒற்றைக்காலில் நின்றாள். பாழாய்ப்போன சந்தையிலோ மூன்று நாளாகச் சுறாவே இல்லை. "பெத்த புண்ணு ஆற விரால் மீனாவது புடிச்சிட்டு வாங்க" என்று விடுமுறை நாளில் அவரை விரட்டிவிட்டாள்.

யோங் பெங் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரம் ஓடும் ஆற்றில் கூட்டாளி சதாசிவத்தோடு தூண்டில் போட்டார். அரைமணி நேரம் கையைப் பிய்த்து எடுத்த பிறகு கரையேறியது விரால் அல்ல. மொட்டை மூக்கு, தடித்த கழுத்து, ஒன்றரை முழ நீளம்.

"காளைச் சுறாய்யா இது. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். பொல்லாத சாதி, கை வைக்காத" என்றார் சதாசிவம்.

மரியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மாதாவே அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. மல்லாக்கப் புரட்டிக் கத்தியை எடுத்தார். வயிற்றில் சின்னதாக ஒரு கோடு, இன்னும் மூடாத புண்.

"அது தொப்புள். குட்டி போடுற சுறா இது. பொறந்து நாலஞ்சு நாள்தான் இருக்கும்" என்றார் சதாசிவம்.

பேத்திக்குத் தொப்புள்கொடி முந்தாநாள்தான் விழுந்திருந்தது. மகளின் அழுகை காதிலேயே இருந்தது, ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தூண்டில் முள்ளைக் கழற்றினார். நன்றிகெட்டது, போகிற போக்கில் கட்டைவிரலைக் கவ்விவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கியது. கிளினிக்கில் ஐந்து தையல்.

வீட்டில் வினிஃப்ரெட் பிடிபிடியென்று பிடித்தாள். "கையில கெடைச்ச சுறாவ விட்டுட்டு, கடி வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

"அதுக்குத் தொப்புளே ஆறலடி" என்றார் மரியநாதன், கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டி.

திரைக்குப் பின்னால், பிள்ளையை மார்பில் போட்டிருந்த ஷர்மைன் களுக்கென்று சிரித்தாள். பிறகு அடக்கமாட்டாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒன்பது நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

வினிஃப்ரெட் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அவ சிரிச்சதும் புள்ள மடமடன்னு குடிக்குது. நீங்க மொதல்லேர்ந்து திரும்பச் சொல்லுங்க, அவளுக்குக் கேக்குற மாதிரி."