மீனம்மா கம்பளியின் கடைசி முடிச்சு

லிந்துலை டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் மீனம்மாவின் கம்பளி போய்ச் சேராத வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கோயில் பூசாரிக்கு ஒன்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவுக்கு ஒன்று, மாதம் ஒருமுறை வரும் மிட்வைஃப் நோனாவுக்கு ஒன்று. காலை ஆறேகால் பஸ்ஸின் கண்டக்டருக்கும் ஒன்று கொடுத்திருந்தாள். அந்த மனிதர் அதை எஞ்சின் பெட்டிமேல் விரித்து அதன்மேல் ஆட்களை உட்காரவைக்கிறார் என்று தெரிந்தபோது, இனி அந்த பஸ்ஸில் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்து இரண்டு நாள் டவுனுக்கு நடந்தே போனாள். மூன்றாம் நாள் முழங்கால் தலையிட்டு, கண்டக்டரை மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டது.

கம்பளி செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று அவளே சொல்வாள். பக்கீர் முதலாளியின் கடையில் கார்மண்ட்ஸில் மிஞ்சிய துணியை நிறுத்து விற்கிறார்கள். பூனைக்குட்டி முதுகைப்போல மெத்தென்று இருக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக அதில் கரடியும் மானும் குல்லாய் போட்ட நரியும் அச்சடித்திருப்பார்கள். அதில் இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று விரித்து, நான்கு ஓரத்தையும் விரல் நீளத்துக்கு வார்வாராக வெட்டுவாள். பிறகு மேல் வாரையும் கீழ் வாரையும் சேர்த்து ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே சுற்றி வருவாள். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், தையல் மெஷின் வேண்டாம். கொழுந்து பறிக்கப் போன முப்பத்தொரு வருஷமும், ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்கைச் சுற்றி எந்த முடிச்சைப் போட்டாளோ, அதே முடிச்சுதான். மலைக்குப் போவது நின்று நாலு வருஷமாகியும் விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரே ஒரு சட்டம் உண்டு. கடைசி முடிச்சை மீனம்மா போடமாட்டாள். வாங்குகிறவர்தான் போட வேண்டும்.

"நீங்க முடிச்சாத்தான் அது ஒங்களது. அதுவரைக்கும் என் வீட்டுச் சாமான்" என்பாள்.

இந்தச் சட்டம் பிறந்தது, அவளுடைய தம்பி சுமனின் மனைவி ஜீவராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று. ஏஜென்சி வேன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. கம்பளியில் ஒரு முடிச்சு பாக்கி. ஜீவராணி அதை வேனின் கதவோரம் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தானாகப் போட்டுக்கொண்டாள். பாலைவனத்துக்குக் கம்பளி எதற்கு என்று வரிசை வீட்டு லயமே சிரித்தது. அங்கே வீட்டுக்குள் பகலெல்லாம் ஏசி ஓடுகிறது, கம்பளி இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்று அவள் போனில் சொன்ன பிறகு, சிரித்தவர்களே ஆளுக்கொன்று கேட்டு வந்தார்கள். மேக்கணக்கின் கம்பளிச் சரித்திரம் இப்படித்தான் தொடங்கியது.

ஜீவராணி போகும்போது மகள் பிரியந்திக்கு ஏழு வயது. சுமனுக்குக் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. தீபாவளிக்கும் தேர்தலுக்கும் வருவான். ஆகவே பிள்ளை மீனம்மாவிடம் வளர்ந்தது. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. பிள்ளைகுட்டி இல்லாத மீனம்மாவுக்கு ஆறு வருஷமாக விடிவதும் பொழுது போவதும் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான்.

இது வலப்பனையில் இருந்த அழகுமுத்துவுக்கு உறுத்தியது. ஜீவராணியின் அண்ணன், பிரியந்தியின் தாய்மாமன். சொந்தமாக மரக்கறித் தோட்டம், ஓட்டுவதற்கு ஆட்டோ, தலைக்கு மேலே கான்கிரீட். "தாய்மாமன் கல்லு வீட்டுல இருக்கேன். எந் தங்கச்சி புள்ள லயத்துல கெடக்குது" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். குவைத்துக்கும் அடிக்கடி போன் போட்டுச் சொன்னார். ஜீவராணி இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ள முடியாமல், "புள்ளைக்குச் சடங்கு முடியட்டும் அண்ணே, நல்லபடியா முடிஞ்சா அங்கேயே இருக்கட்டும், ஏதாச்சும் கொறை வந்தா ஒங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா நாளில் நடந்தது ஊருக்குச் சடங்கு. மீனம்மாவுக்குப் பரீட்சை.

மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் பத்தரைக்கு முன்னால் என்று பூசாரி சொல்லியிருந்தார். அதன் பிறகு ராகுகாலம். தண்ணீர் ஊற்றியதும் பிள்ளைமேல் படும் முதல் துணி தாய்மாமன் கொண்டுவரும் சீர்ச்சேலையாக இருக்க வேண்டும். பத்து மணிக்கு சுமன் போன் போட்டான்.

"எங்க மச்சான் இருக்கீங்க?"

"இந்தா, நானுஓயா தாண்டியாச்சு மாப்பிள. நீங்க ஆரம்பிங்க."

அவர் குரலுக்குப் பின்னால், நானுஓயாவுக்கு வெகு முன்னாலேயே வரும் ராகலை பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சுமனுக்கும் கேட்டது. ஆனால் மச்சானைப் பொய்யன் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "சரி மச்சான்" என்றான். தண்ணீர் ஊற்றியாயிற்று.

பதினொன்று ஆனது. மாமன் வரவில்லை. மலையிலிருந்து பனி இறங்கி லயத்து வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் கட்டியிருந்த பச்சைத் தழைக் குச்சுக்குப் பக்கத்தில், நனைந்த பழைய பாவாடை சட்டையோடு பிரியந்தி நின்றாள். பல் அடிப்பது அடுத்த காம்பராவுக்குக் கேட்டது.

"ஒரு துண்டாச்சும் போத்தலாமா?" என்றாள் மீனம்மா.

"அய்யய்யோ! மாமந் துணி படாம வேற துணி படலாமா? கொஞ்ச நேரந்தானே. பொறுத்துக்கட்டும்" என்றாள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி. சுற்றி உட்கார்ந்திருந்த மற்றப் பெண்களும் சம்பிரதாயம் குலையக் கூடாது என்று ஒருமுகமாகத் தீர்மானித்தார்கள். நாகலெட்சுமி உட்பட ஐந்து பேரும் தோளைச் சுற்றிக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தது மீனம்மாவின் கம்பளி.

பதினொன்றேகாலுக்குப் பிள்ளையின் உதடு நிறம் மாறியது. மீனம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனாள். சாயந்தரம் பிள்ளைக்கே கொடுப்பதற்காகப் பெட்டிமேல் மடித்து வைத்திருந்த, நரி போட்ட கம்பளியை எடுத்துவந்து பிள்ளையைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். பிரியந்தி அதற்குள் ஒடுங்கிக்கொண்டாள். ஆறு வருஷமாக அத்தைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கம், அவள் விரல் தானாக ஓரத்தைத் தடவிப் போய்ப் பாக்கியிருந்த இரண்டு வாரையும் கண்டுபிடித்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டது.

அப்போதுதான் கீழே வளைவில் வேன் ஹாரன் கேட்டது.

பதினோரு தட்டோடு அழகுமுத்து ஏறி வந்தார். பன்னிரண்டாவது தட்டில் சேலை. அதை அவரே நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். வாசலில் கால் வைத்தவர் குல்லாய் போட்ட நரியைப் பார்த்தார். நரியும் அவரைப் பார்த்தது.

"இது யாரு போட்ட துணி?"

"குளுருச்சு தம்பி. புள்ள வெறைச்சுப் போயிருச்சு. அதான்..." என்றாள் மீனம்மா.

"மதினி, நீங்க பெரியவங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? மொதத் துணிய நீங்க போட்டுட்டீங்க. அப்ப நான் எதுக்கு? நீங்களே மாமனா இருந்துக்கங்க, மீசைய மட்டும் வரைஞ்சுக்கங்க." தட்டு தூக்கிவந்தவர்களைப் பார்த்துத் திரும்பினார். "எறக்காதீங்கடா. அப்படியே வேன்ல ஏத்துங்க. கொறை வந்திருச்சு. புள்ளயயும் ஏத்துங்க. எந் தங்கச்சி சொன்ன வாக்கு இருக்கு."

மீனம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுமன், இந்த நேரத்தில் ஒரு தகப்பன் செய்ய வேண்டியது என்னவோ அதைத் தன் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான்.

தலைவர் சோலைமலையைக் கூப்பிட ஆள் ஓடியது. சங்கத்துக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர், அன்றைக்குச் சோற்று அண்டாவுக்கும் தலைவர். அகப்பையோடு வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். விசாரணை ஆரம்பமாயிற்று.

"மொதல்ல ஒண்ணு தெரியணும். கம்பளின்றது துணியா, படுக்கையா?" என்றார் தலைவர். "படுக்கைன்னா சீர்ல வராது. பாய் மாதிரி."

"பாயத் தோள்ல போடுவாங்களா தலைவரே?" என்றார் அழகுமுத்து. "கீழ விரிச்சா படுக்கை. மேல போட்டா துணி."

தலைவர் இதை யோசித்தார். அகப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சம்பிரதாயம் பேசிய பெண்கள் சத்தமில்லாமல் தங்கள் தோளில் இருந்ததைக் கழற்றி மடிக்குக் கீழே தள்ளிக்கொண்டார்கள்.

நாகலெட்சுமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "தலைவரே, நம்ம மீனம்மாக்கா கம்பளில கடைசி முடிச்ச வாங்குறவங்க போடணும். போட்டாத்தானே குடுத்ததா கணக்கு? போடாட்டி அது இன்னும் அக்கா வீட்டுச் சாமான். வீட்டுச் சாமான் எப்பிடி முறைத் துணியாகும்?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "கரெக்ட்! எனக்குக் குடுத்தப்பவும் நாந்தானே போட்டேன். கமிட்டில எல்லாருக்கும் தெரியும்."

அழகுமுத்து மீசையைத் தடவினார். சட்டம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதை மறுத்துப் பேசுவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. "சரி. அப்ப முடிச்சுப் போட்டாச்சா, இல்லயா? மதினி, நீங்களே சொல்லுங்க. ஒங்க வாய்ல பொய் வராது."

எல்லோரும் மீனம்மாவைப் பார்த்தார்கள். முடிச்சு விழுந்ததை மீனம்மா பார்த்திருந்தாள். நாகலெட்சுமியும் மற்ற நாலு பேரும் பார்த்திருந்தார்கள். அவர்கள் இப்போது எதிர்மலைத் தேயிலையில் எதையோ அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும், பிள்ளை இங்கேயே இருக்கும். ஆனால் தன் கையால் போர்த்தி, பிள்ளை தன் விரலால் முடிந்த ஒன்றை, குடுக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்டக்டருக்குக் கொடுத்ததைக்கூட அவள் இல்லையென்று சொன்னதில்லை. வாய் திறந்தாள். அதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

"போடல மாமா."

குச்சுப் பக்கமிருந்து பிரியந்தி வந்தாள். கம்பளியின் ஓரத்தைக் கையில் நீட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு வாரும் தனித்தனியாகத் தொங்கின. "பாருங்க. போடவே இல்ல."

அழகுமுத்து அந்த ஓரத்தை வாங்கினார். பத்து வருஷமாக லீக்ஸ் கட்டுக்கும் கேரட் மூட்டைக்கும் முடிச்சுப் போட்ட விரல்கள் அவருடையவை. அந்தத் துணியில் ஒரு தடவை முடிச்சு விழுந்தால், அவிழ்த்த பிறகும் வார் சுருண்டு, நடுவில் இடை மெலிந்து நிற்கும். மற்ற யாருக்கும் தெரியாவிட்டாலும் மீனம்மாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்தது. விரலால் அந்த மெலிந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தார்.

"ராகலைல கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்றார், யாரும் கேட்காமலே. "சரி. போடல."

தலைவர் அகப்பையை உயர்த்தித் தீர்ப்புச் சொல்லுமுன் அவர் இன்னும் ஒன்று சேர்த்தார். "போடலன்னா, இனியும் போடக் கூடாது. நான் வரும்போதெல்லாம் பாப்பேன். மதினி வீட்டுச் சாமான் மதினி வீட்டுச் சாமானாவே இருக்கட்டும்."

கம்பளியை எடுத்தார்கள். சேலையைப் போர்த்தினார்கள். பட்டுச் சேலைக்குள் பிள்ளை முன்னைவிட அதிகமாக நடுங்கியது. பெண்கள் கம்பளிகளை மீண்டும் தோளில் ஏற்றிக்கொண்டு கணீரென்று குலவை போட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். தலைவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிரியந்தி மீனம்மாவிடமே இருக்கிறாள். அழகுமுத்து மாதத்துக்கு ஒருமுறை லீக்ஸும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வருகிறார். தேத்தண்ணி குடிக்குமுன்னே கம்பளியை எடுக்கச் சொல்லி ஓரத்தைப் பார்ப்பார். இரண்டு வாரும் தொங்கும். "சரி" என்பார். வளைவில் ஆட்டோ சத்தம் கேட்டதும் பிரியந்தி அவிழ்த்துவிடுவாள். அவர் போன சத்தம் அடங்கியதும் திரும்பவும் போட்டுக்கொள்வாள். இதைப் பற்றி அத்தையும் மருமகளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஜீவராணி போனில் "அண்ணே ஏதாச்சும் கொறை சொல்லுதா மதினி?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல ஆயி" என்பாள் மீனம்மா.

இழுத்து இழுத்து அந்த இரண்டு வார் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, நூல்போல மெலிந்துவிட்டன. கம்பளியை வெயிலில் போடும்போதெல்லாம் மீனம்மா அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கொழுந்து முற்றிவிட்டதா என்று பார்ப்பதைப்போலப் பார்க்கிறாள். இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அறுந்தால் தைப்பதற்கு அந்த வீட்டில் ஊசி கிடையாது.