பந்தயத்துக்கும் பலசரக்குக்கும் ஒரே கார்

அன்று காலை ரஷீதா லாத்தா அலுவலகத்துக்கு வரவில்லை. 880 ஃப்ரீவேயில் டிராஃபிக்காக இருக்கும் என்று நினைத்துக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டோம். சற்று நேரத்தில் அவர் கணவர் ஜமால் அண்ணனின் பெயர் என் போனில் வந்தது. எடுக்கவில்லை. உடனே மறுபடியும் வந்தது. அறைக்கு வெளியே வந்து எடுத்தேன். "கதிரு, ரஷீதா மவுத்தாயிட்டாப்பா" என்றார். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, தலை வலிக்கிறது என்று படுத்தவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனைக்குப் போய், எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிட்டது.

மறுநாள் ஜனாஸா தொழுகைக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிவாசல் பார்க்கிங்கில் ஒரு பக்கம் ஊர்க்காரர்களும் அலுவலகத்துக்காரர்களும் நின்றோம். இன்னொரு பக்கம் டிராக் ஸ்ட்ரிப்பில் கார்ப் பந்தயம் ஓடும் நண்பர்கள் தங்கள் பழைய கார்களில் வரிசையாக வந்து நின்றார்கள். தெருமுனையிலிருந்தே ஒருவரும் ஆக்சிலரேட்டரை அழுத்தவில்லை. அவ்வளவு பெரிய இன்ஜின்கள் அவ்வளவு மெதுவாக வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

லாத்தா என்றால் அக்கா. காயல்பட்டினத்து வார்த்தை. ஈரோட்டுக்காரனான நான் அதைச் சொல்லத் தொடங்கினேன்; பிறகு அலுவலகத்தில் பஞ்சாபியும் சீனரும்கூட அவரை அப்படியே அழைத்தார்கள். எங்கள் கம்பெனி செய்யும் கணினிப் பெட்டிகளைச் சூட்டிலும் அதிர்விலும் போட்டு, எப்போது உடைகிறது என்று பார்ப்பது அவர் வேலை. நான் சேர்ந்த முதல் மாதம், பார்க்கிங்கில் அறுபதுகளின் கடைசியில் வந்த ஒரு கரும்பச்சை இரண்டு கதவுக் கார் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் காலத்துப் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின். பின் சீட்டில் வெங்காய மூட்டை. யாருடைய கார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தலையில் முக்காடிட்ட ஓர் அம்மா வந்து கதவைத் திறந்தார்.

எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. என்னிடம் இருந்தது முழுக்க முழுக்கப் பந்தயக் கார். கால் மைல் நேர்ப்பாதையில் இரண்டிரண்டாக விட்டு நேரம் எடுப்பார்களே, அதற்கு மட்டுமே ஆனது. ஃப்ரீவேயில் ஏற்றினால் இன்ஜின் கதறும். தெருவில் நிறுத்தினால் சூடாகிவிடும். அதனால் டிரெய்லரில் கட்டித்தான் இழுத்துப் போவேன். "இப்படி ரோட்ல ஓட்டி இந்த வண்டியக் கெடுக்கறீங்களே லாத்தா, என்னுதெல்லாம் டிரெய்லர்லதானுங்க போகும்" என்றேன், அறிவாளி போல.

"டிரெய்லர்ல வந்து டிரெய்லர்ல போனா அது சாமான் தம்பி" என்றார். "காரு எங்க இருக்கு?"

அந்த வாரக் கடைசியிலேயே ஸ்ட்ரிப்பில் அவரைப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட், அதற்குள் தீப்பிடிக்காத துணியில் பந்தயக்காரர்கள் போடும் முழு முகமூடி. ஒரு முடிகூடத் தெரியாது. "எனக்குன்னே தச்ச மாதிரி இருக்குல்ல?" என்று சிரித்தார். அன்று பன்னிரண்டரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவர் குறி பதினொன்று. பதினொன்று என்று தொடங்கும் எந்த எண்ணாக இருந்தாலும் சரி. அதில் ஒரே ஒரு நிபந்தனை: அந்த நேரத்தை எடுக்கும் கார்தான் திங்கட்கிழமை ஆபீசுக்கும் வர வேண்டும், ஏசி ஓட வேண்டும், ஜமால் அண்ணன் முகம் சுளிக்காமல் அதில் உட்கார வேண்டும்.

அது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ரிப்புக்கு நல்லது எல்லாம் ரோட்டுக்குக் கெட்டது. சீறிக் கிளம்ப வைக்கும் கியர் ஃப்ரீவேயில் பெட்ரோலைக் குடிக்கும். பிடிமானமுள்ள மென்மையான டயர் மழையில் வழுக்கும்.

முதலில் அவரும் எல்லோரும் போகும் வழியில்தான் போனார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றி, பெரியதாக ஒன்றைப் போட்டார். நான்தான் கூட நின்று போட்டேன். நிற்கும்போதே கார் ஆடியது. சத்தம் எங்களுக்குச் சங்கீதமாக இருந்தது. அடுத்த ஸ்ட்ரிப் நாளில் பதினொன்றுக்கு மிக அருகில் வந்துவிட்டார். இன்னும் ஒரு தடவை போனால் கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொன்னோம்.

அந்த வாரம் ஜமால் அண்ணன், மகள் ஆயிஷாவைக் குர்ஆன் வகுப்புக்கு அந்தக் காரில் கூட்டிப் போனார். ஃப்ரீவேயை விட்டு இறங்கும் இடத்தில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்து, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, குறுக்கே வந்த லாரிக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தியிருக்கிறார். பிரேக்கை இலகுவாக்கும் உறிஞ்சுவிசை இன்ஜினிலிருந்துதான் வருகிறது. நாங்கள் போட்ட கேம்ஷாஃப்ட் அதைத் தின்றுவிட்டிருந்தது.

நான் போனபோது லாத்தா வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஜமால் அண்ணன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று லாத்தா பிறகு சொன்னார்.

"கழட்டணும் தம்பி. இன்னிக்கே."

"பிரேக்குக்குத் தனியா ஒரு எலக்ட்ரிக் பம்ப் போட்டுக்கலாமுங்க லாத்தா. நெறையப் பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. பதினொண்ணு கைக்கு வந்திருச்சு."

"போடலாம். அந்த பம்ப் வேலை செய்யலங்கறது எப்பத் தெரியும்? புள்ள உள்ள இருக்கும்போதா?" என்றார். கொஞ்சம் கழித்து, "பதினொண்ண நான் விடல. வேற எடத்துல தேடுவோம்" என்றார்.

தேடினார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பழைய நாலு கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்தாவது கியர் உள்ள புதுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அதனால் பின்சக்கரத்தில் சீறும் கியரை வைத்துக்கொள்ளவும் முடிந்தது, ஃப்ரீவேயில் ஐந்தாவதில் போட்டு நிம்மதியாகப் பேசிக்கொண்டு போகவும் முடிந்தது. கிளம்பும்போது பின்பக்கம் ஒரே சீராக அமுங்கும்படி ஸ்பிரிங்குகளை மாற்றினார், பிடிக்கவில்லை என்று கழற்றினார், மறுபடி மாற்றினார். ரேடியேட்டரைப் பெரிதாக்கினார். ஏசியைக் கழற்றினால் எடை குறையுமே என்று ஒருமுறை கேட்டேன். "மச்சான் ஏசி இல்லாம ஏற மாட்டாக" என்று முடித்துவிட்டார். கணவரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நடுப்பகலில், ஏசியைப் போட்டு, மில்பிடாஸ் கடைத்தெருவின் நெரிசலில் வேண்டுமென்றே ஓட்டுவார். அதில் தேறினால்தான் ஸ்ட்ரிப். நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சில மாதங்கள் ஏறவும் செய்தது.

பிறகு டெக்சாஸ் பந்தயம். ஒரு வாரம் முழுக்க தினமும் ஓர் ஊர் ஸ்ட்ரிப்பில் ஓட வேண்டும். அடுத்த ஊருக்கு அதே காரைப் பொது ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். டிரெய்லரில் ஏற்றினால் பெயரை அடித்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவிலிருந்தே ஓட்டிக்கொண்டு போவேன் என்று லாத்தா பிடிவாதம் பிடித்தார். நான் முன் சீட்டில். ஜமால் அண்ணன் லீவு போட்டுவிட்டு, பின் சீட்டில் டூல் பெட்டிகளுக்கும் பிரியாணி டப்பாவுக்கும் நடுவே உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்த்துக்கொண்டு வந்தார்.

லாத்தா கோபக்காரர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வாரம் நான் வழியைத் தவறாகச் சொன்னதற்கு அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

மூன்றாவது நாள், அபிலீன் என்ற ஊரைத் தாண்டி ஆளில்லாத ரோட்டில், சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. வெயில் நாற்பதைத் தொட்டிருக்கும். சூட்டை இறக்குவதற்காக ஹீட்டரை முழுதாகப் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்புக்குள் உட்கார்ந்தது போல் ஒரு பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேர்ந்தோம். வாட்டர் பம்ப் போயிருந்தது. கீழே பச்சை நிறக் கூலன்ட் சொட்டியது.

அங்கே காரை ஏற்றிப் போகும் வண்டியோடு ஒரு டெக்சாஸ்காரர் நின்றிருந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அந்த ஸ்ட்ரிப் வழியாகத்தான் போகிறேன், ஏற்றிக்கொண்டு போய் அதற்கு ஒரு மைல் முன்னால் இறக்கிவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியாது என்றார். பணமும் கேட்கவில்லை. நான் லாத்தாவைப் பார்த்தேன். எனக்கு ஏற்றிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

"ரஷீதா, போதும்மா. ஏத்திடலாம். வெயில்ல மயங்கி விழுந்துருவே" என்றார் ஜமால் அண்ணன்.

லாத்தா அந்த மனிதரிடம் திரும்பி, காரை ஏற்ற வேண்டாம், என்னையும் என் கணவரையும் பக்கத்து ஊர் பார்ட்ஸ் கடை வரை ஏற்றிக்கொள்வீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கூட்டிக்கொண்டு போனார். பம்ப் கிடைத்தது. பங்க்கின் நிழலில் நானும் லாத்தாவும் மாற்றினோம். அந்த மனிதர் தன் வேலையை விட்டுவிட்டு எங்களுக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு நின்றார். புதுப் பம்ப் பொருந்தியதும் லாத்தா கை முகம் கழுவி, அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து அஸர் தொழுதார். பிறகு சாவியைத் திருப்பினார்.

கேட்டை மூடப்போகும் நேரத்தில் ஸ்ட்ரிப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரே ஒரு ஓட்டம் மட்டும் என்றார்கள். அழகாகக் கிளம்பினார். பாதி தூரத்தில் இன்ஜின் சத்தம் தணிந்தது. திரும்பி வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "முள்ளு ஏறிச்சு. கால எடுத்துட்டேன். நாளைக்கு இருநூறு மைல் இருக்கு தம்பி" என்றார். அன்றைய ஓட்டத்தில் கடைசி ஆட்களில் ஒருவராக வந்தார். ஆனால் அந்த வாரத்தை முடித்தார். முதல் நாள் வந்தவர்களில் பாதிக்கு மேல் டிரெய்லரில்தான் வீடு திரும்பினார்கள்.

பதினொன்று டெக்சாஸில் வரவில்லை. நியூ மெக்சிகோவில் எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவர் கண்ணில் நீர் வந்தது. ஜமால் அண்ணன் பின்னாலிருந்து தோளில் கை வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "சூட்டுல காத்து லேசாயிரும். நம்ம பக்கம் நவம்பர் காத்து கனமா இருக்கும்ல?" என்றார். அழுது முடிப்பதற்குள் அடுத்ததைக் கணக்குப் போட்டாயிற்று.

நவம்பரில் ஒரு குளிர்ந்த காலை. மேலே போர்டில் எண் விழுந்தது: பதினொன்றில் தொடங்கி, பன்னிரண்டை மயிரிழையில் தவறவிட்ட எண். நான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். அவர் நேரச் சீட்டை வாங்கிக் கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது ஜமால் அண்ணன் போன் செய்தார். விருந்தாளிகள் வருகிறார்களாம். லாத்தா அந்தச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மட்டன், புதினா, தயிர் என்று எழுதினார். ஹெல்மெட்டைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, ஹலால் கடையில் ஆறு கிலோ இறைச்சி வாங்கிக்கொண்டு, அதே காரில் வீட்டுக்குப் போய்ச் சமைத்தார். நாங்களும் சாப்பிட்டோம். ஆயிஷா மட்டும், "மாம், யூ டிட் இட்" என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

இப்போது அந்தக் காரை வாங்க ஆட்கள் வருகிறார்கள். மூடிய அறையில் கண்ணாடிபோல் வைத்துக் காட்டுவோம் என்கிறார்கள். ஜமால் அண்ணன் யாரிடமும் பேரம் பேசவில்லை. தினமும் குபெர்டினோவில் உள்ள தன் ஆபீசுக்கு அதை ஓட்டிப் போகிறார். கியர் மாற்றும்போது இன்னும் கொஞ்சம் இடிக்கிறது. "பழகிரும் கதிரு" என்கிறார்.

நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். அவருடைய டூல்களில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாமல் இருக்கும் அவருடைய குணத்தை எடுத்துக்கொண்டேன். அது எனக்கு இயல்பில் இல்லாதது. இனிமேல்தான் பழக வேண்டும்.

நேற்று அலுவலகக் கூட்டத்தில் புதுக் கணினிப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. சத்தமில்லாமல் ஓட வேண்டுமா, சூட்டைத் தாங்க வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். எல்லோரும் தேர்ந்தெடுக்கத் தயாராக இருந்தார்கள். நான் கையைத் தூக்கி, இரண்டும் முடியுமா என்று பார்க்க ஒரு வாரம் கேட்டேன். முனகிக்கொண்டே கொடுத்தார்கள். நாளைக் காலை சோதனை அறையில் தொடங்குகிறேன்.