பத்துக் கோடியும் ஒரு வாய்க்காலும்

இன்று காலை கரியமாணிக்கம் போகும் பஸ்ஸில் என் ஆசையைக் கேட்டுவிட்டு, சொன்னதும் சிரித்தார்கள். அது தவறு.

பத்துக் கோடி கிடைத்தால் என்ன செய்வோம் என்று பேச்சு. ஒருவர் பங்களா என்றார். இன்னொருவர் பாரிஸ் என்றார்.

மனை விற்கும் என் பங்காளி மகன், "நீ இன்னா பண்ணுவ பெரியப்பா?" என்றான்.

"வாய்க்கால மூடி நீ போட்ட மனைய எல்லாம் வாங்கி, திரும்பவும் வாய்க்கா வெட்டுவேன்டா. என் நெல்லு காயுது."

பஸ்ஸே சிரித்தது.

"அதுக்குப் போயி யாராச்சும் பத்து கோடி செலவு பண்ணுவாங்களா?" என்றான் அவன்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். ஊர் வாய்க்காலில் தண்ணீர் வர, நான் கோடீஸ்வரனாக வேண்டுமா?

கொம்யூன் பஞ்சாயத்து வந்து வாய்க்காலை அளக்க வேண்டும். கொட்டிய மண்ணைப் பங்காளி மகனே அள்ள வேண்டும். சிரித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வர வேண்டும். பாரிஸ் போகிறவருக்கு மட்டும் விலக்கு.