திசைகாட்டிக்குப் பக்கத்தில் டிபன் கேரியர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குபெர்டினோவிலிருந்து கிளம்பினோம். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி மரின் குன்றுகள் வரை ஏறத்தாழ ஐம்பத்தைந்து மைல். ஊர் சுற்றப் போகிறோம் என்று பேர்தானே தவிர, உண்மையான காரணம் மூவருக்கும் தெரியும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் நிலா, கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு நிலவியல் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். கல்லைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று ஒரு மாதமாக என்னிடம் புலம்பிய கணவர் ரகு, அவள் செய்வதை ஒருநாள் நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக இருந்தார்.

280 ஃப்ரீவேயில் நல்ல வெயில். பாலத்திலோ பனிமூட்டம், கோபுரங்களையே காணோம். போகும்போது சுங்கம் கிடையாது, திரும்பும்போதுதான். வழியில் வாங்கிய காபி ஆறு டாலர், வாயில் வைக்க முடியவில்லை.

எட்டரை மணிக்குச் சாலையோரப் பாறை முன் நின்றோம். இரண்டு விரல் கனத்தில் சிவப்பு அடுக்குகள், உதறிப்போட்ட புடவை போல வளைந்து நெளிந்திருந்தன. ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய பாறை என்றாள் நிலா. என் ஸ்பூனை வாங்கி அதில் கீறினாள். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஸ்பூன்தான் தேய்ந்தது. பாறையிலுள்ள குவார்ட்ஸ், எஃகைவிடக் கடினமாம்.

ஒவ்வொரு அடுக்கும் எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்கிறது என்று திசைகாட்டி வைத்து அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். திங்கட்கிழமை பேராசிரியரிடம் கொடுத்தாக வேண்டிய வேலை. ரகு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்குப் பசி எடுக்க, அவள் அளந்துகொண்டிருந்த பாறைத் திட்டிலேயே கேரியரைப் பிரித்து வைத்தேன்.

சரிபார்ப்பதற்காக ஓர் அடுக்கைத் திரும்ப அளந்தவளின் முகம் வாடிவிட்டது.

"ஸேம் லேயர்தான்மா. பட் நம்பர் மாறுது. மார்னிங் எடுத்ததெல்லாம் ராங்கா இருந்தா?"

இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்?

ரகு எழுந்து வந்தார். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை தேடியே தலை நரைத்தவர்.

"காலைல சரியா வந்துச்சுல்ல? அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

சுற்றுமுற்றும் பார்த்தார். என் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். திசைகாட்டியை அவளிடமிருந்து வாங்கி, அதே அடுக்கில் வைத்தார்; முள் காலையில் காட்டிய எண்ணுக்கே திரும்பியது. சில வகை எவர்சில்வர் காந்த முள்ளை இழுத்துவிடுமாம், எனக்கென்ன தெரியும்? நிலா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ரகு திசைகாட்டியை அவளிடம் திருப்பித் தரவேயில்லை. அவர் அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். தயிர்சாதத்தைக் காருக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட அனுமதி.

நாலு மணிக்குக் குபெர்டினோ வந்ததும், யாரையும் கேட்காமல் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கிப் போனார். பிளாஸ்டிக் டப்பா செட் ஒன்றோடு வந்து என்னிடம் நீட்டினார்.

"இவ ரெண்டு வருஷம் ஃபீல்டுக்குப் போகணும்ல. கேரியர் சரிப்படாது."

கண்ணாடியில் பார்த்தேன், பின் சீட்டில் நிலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்குள் பிளாஸ்டிக்கை அண்டவிடாதவள் நான். வீடு வரும்வரை அந்த டப்பாக்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.